பச்சை விளக்கு

தலைப்பைக் கண்டதும், 1964ஆம் ஆண்டு வெளிவந்த சிவாஜி கணேசன் படத்தைப் பற்றி எழுதப் போகிறோம் என்று எண்ணி உள்ளே வந்த நண்பர்கள் பொறுத்தருள வேண்டும். இது மென்பொருளைச் சோதித்துப் பிழை காண்பவர்களைப் பற்றியது. நன்னூலும் தண்டியலங்காரமும் நடத்திப் பிழைப்பவருக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நமக்கும் அந்த ஐயம் இருந்தது. (ஒற்றை ஆளாக இருந்துகொண்டு 'நாம்' என்று எழுதுவது தமிழாசிரியர்களுக்கே உரிய கெட்ட பழக்கம். அதையும் சேர்த்துப் பொறுத்தருள்க.)

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, சைதாப்பேட்டையில் உள்ள நம் வீட்டுக்குப் பழைய மாணவி ஒருவர் வந்திருந்தார். 2008இல் நம்மிடம் இளங்கலைத் தமிழ் முடித்தவர். உடன் படித்தவர்கள் எல்லாரும் பி.எட். விண்ணப்பம் வாங்கிக்கொண்டிருந்தபோது, இவர் மட்டும் தியாகராய நகரில் ஒரு மாடியறையில் நடந்த மூன்று மாத 'டெஸ்டிங்' வகுப்பில் போய்ச் சேர்ந்தார். கைப்பேசிகளில் தமிழ் மெனு வரத் தொடங்கியிருந்த காலம் அது. 'ழ' வரவேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டம் வருகிறதா, 'அனுப்புக' என்பது 'அனுப்' என்று கழுத்து வெட்டுப்பட்டு நிற்கிறதா, கொம்பு ஒரு வரியிலும் கால் அடுத்த வரியிலுமாகப் பிரிந்து கிடக்கின்றனவா என்றெல்லாம் பார்க்க ஆள் தேவைப்பட்டது. பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு தமிழ்ப் பட்டத்துக்கு நாற்காலி கிடைத்தது குறித்து அன்று நாம் அடைந்த பெருமை கொஞ்சநஞ்சமன்று. துறைக் கூட்டத்தில் இரண்டு முறை சொல்லிக் காட்டியிருக்கிறோம்.

காப்பி ஆறிக்கொண்டிருந்தது. அவருடைய கைப்பேசி சில நிமிடங்களுக்கு ஒரு முறை முனகியது. ஒவ்வொரு முறையும் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார்.

"என்னம்மா, வீட்டிலிருந்து கூப்பிடுகிறார்களா?"

"இல்லைங்க ஐயா. பில்ட். பச்சையா சிவப்பான்னு பார்க்கணும்."

"ஞாயிற்றுக்கிழமையிலுமா?"

"அதுக்கு ஞாயிறு திங்கள் எல்லாம் தெரியாதுங்க ஐயா." சற்று நேரம் கழித்துச் சொன்னார்: "வேலையை விட்டுடலாமான்னு இருக்கேன். அதைப் பத்திப் பேசத்தான் வந்தேன்."

அன்றிரவு ஒன்பது மணிவரை பேசிக்கொண்டிருந்தோம். அதிலிருந்து விளங்கிக்கொண்டதையும், அதன்பின் நாமாகத் தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம். துறை சார்ந்த நண்பர்கள் பிழை இருப்பின் திருத்துக.

மென்பொருள் என்பது ஒருவர் எழுதும் நூலன்று. இருபது பேர், இருநூறு பேர் கூடி எழுதும் நூல். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்ததை நாம் அறிவோம். அதைப் போன்றதொரு அகராதியை ஆறு குழுவினர் ஆறு ஊர்களில், ஒருவர் எழுதுவதை மற்றவர் பாராமல், ஆறு மாதம் எழுதிவிட்டுப் பிறகு ஒரே இரவில் ஒன்றாகத் தைக்க முற்பட்டால் என்ன ஆகும்? 'அ'கரக் குழு 'வேங்கை காண்க' என்று எழுதியிருக்கும்; 'வ'கரக் குழு வேங்கையையே விட்டிருக்கும். மென்பொருள் உலகம் நெடுங்காலம் இப்படித்தான் நடந்தது. கடைசி வாரத்தில் எல்லாவற்றையும் ஒன்று சேர்க்கும் அந்த வேலையை அவர்கள் நரகம் என்றே அழைத்தார்கள்.

இதற்கு மாற்றாக வந்ததே 'கன்டினியூவஸ் இன்டகிரேஷன்'. கிரேடி பூச் என்பவர் தாம் எழுதிய நூலில் இத்தொடரை ஆண்டார். கென்ட் பெக் தம்முடைய எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் முறையில் இதை ஒரு நெறியாகவே ஆக்கினார். மார்ட்டின் ஃபவுலர் 2000ஆம் ஆண்டு எழுதிய கட்டுரை இதைப் பரவலாக்கியது. கருத்து எளியது. எழுதியதை ஆறு மாதம் பெட்டியில் வைத்திராதே. அன்றன்றே, முடிந்தால் நாளுக்குப் பல முறை, பொதுப் பிரதியில் சேர். சேர்த்தவுடன் ஓர் இயந்திரம் முழு நூலையும் கட்டமைத்து, முன்கூட்டி எழுதிவைத்த ஆயிரக்கணக்கான சோதனைகளை ஓட்டிப் பார்க்கும். எல்லாம் தேறினால் பச்சை. ஒன்று தவறினாலும் சிவப்பு.

இதைத் தமிழில் 'தொடர் ஒருங்கிணைப்பு' என்கிறார்கள். மாணவியிடம் இச்சொல்லைச் சொன்னபோது, "ஆபீஸில் இப்படிச் சொன்னால் ஏதோ தேசிய ஒருமைப்பாட்டு உறுதிமொழி எடுக்கிறோம்னு நினைப்பாங்க ஐயா" என்று சிரித்தார். தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலையடிகள் பெயரைத் தாங்கிய பாலத்தை ஒட்டிக் குடியிருந்துகொண்டு, 'பில்ட்' 'பில்ட்' என்று எழுதுவது நமக்கும் உறுத்தவே செய்கிறது. ஆயினும் இந்தப் பாலத்தின் முன்னோடிக்கே ஊர் வைத்திருந்த பெயர் 'மர்மலாங்' பாலம். அதை 1726இல் கட்டுவித்தவர் கோஜா பெத்ருஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர். மாம்பலம் ஐரோப்பியர் வாயில் மர்மலாங் ஆயிற்று என்பார்கள். சொல் எங்கிருந்து வந்தாலும் பாலம் இருநூறு ஆண்டுக்கு மேல் ஆள் கடத்தியது.

வண்ணம் பற்றி ஒரு செய்தி. இந்த வேலையைச் செய்யும் கருவிகளுள் புகழ்பெற்ற ஜென்கின்ஸ், முதலில் ஹட்சன் என்ற பெயரில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் கோசுகே கவாகுச்சி என்ற ஜப்பானியரால் எழுதப்பட்டது. 2011இல் பெயர் மாறியது. தாம் எழுதியது அடிக்கடி பொதுப் பிரதியை உடைத்துச் சக ஊழியரின் கோபத்துக்கு ஆளானதால், தமக்கு முன்னெச்சரிக்கையாக இருக்கட்டும் என்று எழுதினாராம். அதில் தேறியதற்கு அடையாளம் நெடுங்காலம் நீல உருண்டையாகவே இருந்தது. ஜப்பானில் சாலை விளக்கின் பச்சையை நீலம் என்றே சொல்வது வழக்கம். மேனாட்டார் இதைக் கண்டு மிரண்டு, நீலத்தைப் பச்சையாக்க ஒரு தனி இணைப்பே எழுதினார்கள். திருமாலின் மேனியைப் பச்சை என்றும் நீலம் என்றும் கருமை என்றும் ஒரே மூச்சில் பாடிய மரபில் வந்த நமக்கு இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

இனி, இது நல்லதா கெட்டதா என்ற கேள்வி. நாம் இதை எதிர்ப்பவரல்லர். எதிர்க்க முடியாமைக்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு.

2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. தாம்பரத்தில் அந்த ஒரு நாளில் 49 சென்டிமீட்டர் மழை. அடையாறு கரை மீறிச் சைதாப்பேட்டைக்குள் வந்தது. நாம் அப்போது ஆற்றங்கரையை ஒட்டிய தெருவில் தரைத்தளத்தில் குடியிருந்தோம். நள்ளிரவில் கட்டிலின் காலடியில் சலசலப்புக் கேட்டு எழுந்தோம். குழந்தைகளையும் சான்றிதழ் பையையும் மாடிக்கு ஏற்ற முடிந்தது. இருபதாண்டு சேர்த்த புத்தகங்களில் கீழ் மூன்று தட்டு போயிற்று. நம்முடைய இழப்பைப் பெரிதாகச் சொல்ல நா எழவில்லை; ஆற்றோரக் குடிசைகளில் இருந்தவர்கள் வீட்டையே இழந்தார்கள். வெள்ளம் வடிந்த மூன்றாம் நாள் சேற்றில் நடந்து வந்து, ஊறிப்போன சங்க இலக்கியப் பதிப்புகளைத் தாள் தாளாகப் பிரித்து மொட்டை மாடியில் உலர்த்தியவர்களில் இந்த மாணவியும் ஒருவர்.

அந்த வெள்ளத்துக்குப் பின் ஊரெல்லாம் ஒலித்த வாதம் ஒன்றே: நவம்பர் முழுதும் மழை பெய்ததே, சிறிது சிறிதாக முன்கூட்டியே திறந்துவிட்டிருக்கக் கூடாதா? அந்த வாதத்தின் நியாய அநியாயங்களுக்குள் நாம் புகவில்லை. பெய்த மழையே வழக்கத்துக்கு மாறானது என்பதும் உண்மை. நாம் சொல்ல வந்தது வேறு. தேக்கி வைத்து ஒரே இரவில் திறக்காதே, அவ்வப்போது சிறிதாகத் திறந்துவிடு என்பதுதான் தொடர் ஒருங்கிணைப்பின் அடிப்படை வாதமும். கழுத்தளவு நீரில் நின்றவரால் இதை மறுக்க முடியாது.

மாணவியிடம் இதைச் சொன்னோம். அவர் சற்று யோசித்துவிட்டு ஒன்று சொன்னார். அந்த வாக்கியத்துக்காகவே இக்கட்டுரையை எழுதத் தொடங்கினோம்.

"சரிதாங்க ஐயா. ஆனா தினமும் திறந்துவிட்டா, தினமும் கரையில ஒரு ஆள் நின்னு பார்க்கணுமே. எங்க ஆபீஸ்ல மதகைத் தினமும் திறக்கறதுன்னு முடிவு பண்ணினப்போ, தண்ணி இனிமே கொஞ்சமாத்தானே வரும்னு கரையில இருந்தவங்களை எடுத்துட்டாங்க."

அவருடைய சோதனைக் குழுவில் ஒரு காலத்தில் பதினான்கு பேர். இன்று நான்கு. முன்பெல்லாம் மாதம் ஒரு முறை, எழுதி முடித்த பிரதி அவர்கள் கைக்கு வரும். பத்து நாள் அது அசையாது. அந்தப் பத்து நாளும் அதைக் கோணலாகத் திறந்து, தலைகீழாகத் தட்டி, அவசரக்காரரைப் போலவும் எழுத்தறியாதவரைப் போலவும் நடித்து, என்னென்ன செய்யக்கூடாதோ அத்தனையும் செய்து பார்ப்பார்கள். பிறகு குழுத் தலைவர் ஒரு தாளில் கையொப்பமிடுவார். அந்தக் கையொப்பம் இல்லாமல் பிரதி வெளியே போகாது. இன்று பிரதி நிற்பதே இல்லை. காலையில் ஒரு பிழையைக் கண்டு, அதை மறுபடி நிகழ்த்திக் காட்டிக் குறிப்பு எழுதி முடிப்பதற்குள் மதியம் வேறு பிரதி வந்துவிடும். "இப்ப உள்ளதுல அது வரலையே" என்று பதில் வரும். பிழை திருந்தியதா, ஒளிந்துகொண்டதா என்று சொல்ல எவருமில்லை.

ஓடும் ஆற்றில் முகம் பார்ப்பது போன்ற இந்த அவதியை நாம் சிறிய அளவில் அறிவோம். முதுகலை படித்த நாளில் செலவுக்காக ஒரு டி.டி.பி. கடையில் மெய்ப்புத் திருத்தினோம். பேஜ்மேக்கர் காலம். எண்பதாம் பக்கத்தில் ஒற்று ஒன்றைச் சேர்க்கச் சொல்வோம். அந்த ஒற்றால் வரி நீளும், பத்தி புரளும், எண்பத்திரண்டாம் பக்கத்தில் ஒரு செய்யுளின் கடைசிச் சீர் படத்துக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். ஆகவே அங்கிருந்த மூத்த மெய்ப்பாளர் ஒரு விதி வைத்திருந்தார். திருத்திய வரியை மட்டும் பார்த்துவிட்டு எழாதே. அந்த இயல் முடியும் வரை பார். கடைக்காரருக்கு இது பிடிக்காது. "சொன்ன திருத்தம் போட்டாச்சே சார், அப்புறம் என்ன?" என்பார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கணினியில் இருப்பவர் வேறு திருத்தத்தைப் போட்டுவிட்டால் மெய்ப்பாளர் பேனாவை மூடி வைத்துவிடுவார். கையில் உள்ள தாள் செத்த தாள் என்பார். மாணவிக்கு நாள்தோறும் செத்த தாள்.

இப்போது அந்தச் சம்பவம். நிறுவனத்தின் பெயரை அவரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

அவர்கள் எழுதும் மென்பொருள் மருத்துவப் பரிசோதனை நிலையங்களுக்கானது. குருதி, சிறுநீர்ச் சோதனை முடிவுகளை அச்சிட்டுத் தரும் செயலி. அறிக்கை சரியாக அச்சாகிறதா என்று பார்க்கும் தானியங்கிச் சோதனை ஒன்று இருந்தது. அது பெரும்பாலும் தேறும், எப்போதாவது தவறும். மறுபடி ஓட்டினால் தேறிவிடும். இத்தகைய நிலையற்ற சோதனைகளை அத்துறையில் 'ஃப்ளேக்கி' என்கிறார்கள். இது எங்கும் உள்ள நோய். கூகுள் நிறுவனம் 2016இல் வெளியிட்ட கணக்கின்படி, அவர்களுடைய சோதனைகளில் ஏறத்தாழ 16 விழுக்காட்டுக்கு இந்த நடுக்கம் ஓரளவேனும் இருந்தது. தேறிக்கொண்டிருந்த ஒரு சோதனை திடீரெனத் தவறும் நிகழ்வுகளில் 84 விழுக்காடு இத்தகைய நடுக்கச் சோதனைகள் சம்பந்தப்பட்டவை. அப்படியானால் சிவப்பு விளக்கைக் கண்டு ஓடி வருபவன் ஆறில் ஐந்து முறை ஏமாந்து திரும்புகிறான். புலி வருகிறது என்று கத்திய இடையனின் கதையில் இடையனைக் குறை சொல்வோம்; இங்கே கத்துவது இயந்திரம்.

ஏமாற்றத்துக்கு மருந்தாக ஒரு விதி வைத்தார்கள். சிவப்பு வந்தால் இயந்திரமே மூன்று முறை ஓட்டிப் பார்க்கட்டும். ஒரு முறை தேறினாலும் பச்சை. (நம் மாணவர்களுக்கு இந்த விதி மிகவும் பிடிக்கும்.) மாணவிக்கு உறுத்தியது. இது சோதனையின் நடுக்கமா, மென்பொருளின் நடுக்கமா என்று பார்க்க இரண்டு நாள் தாருங்கள் என்று எழுதிக் கேட்டார். பதில் வரவில்லை. மறுபடி கேட்டார். அந்தச் சோதனையை ஒதுக்குப் பட்டியலில் சேர்த்தார்கள். ஒதுக்குப் பட்டியல் என்றால், ஓடும். ஆனால் அதன் சிவப்பை எவரும் பொருட்படுத்த மாட்டார்கள். விளக்கு நாள் தவறாமல் பச்சை காட்டியது.

மூன்று மாதம் கழித்து, ஓர் ஊரில் உள்ள பரிசோதனை நிலைய ஊழியர் அச்சான தாளை உறையிலிடும்போது நின்றார். எட்டு வயதுப் பெண் குழந்தையின் பெயர். கீழே புராஸ்டேட் சுரப்பிக்கான சோதனை முடிவு.

நடந்தது இதுதான். இரண்டு அச்சாணைகள் ஒரே கணத்தில் வந்து மோதினால், முதலாமவர் பெயரை எழுதிவைத்த பலகையில் இரண்டாமவருடைய எண்கள் வந்து உட்கார்ந்துவிடும். எப்போதாவதுதான் மோதும். அந்த 'எப்போதாவது'தான் மூன்று மாதமாகச் சிவப்பாக எரிந்து காட்டியது. சோதனை பொய் சொல்லவில்லை. கத்தியபோதெல்லாம் புலி இருந்தது.

அந்தக் குழந்தையின் தாள் கண்ணில் பட்டதற்குக் காரணம் அது அபத்தமாக இருந்ததுதான். ஐம்பது வயது ஆண் ஒருவரின் சர்க்கரை அளவு நாற்பத்தெட்டு வயது ஆண் ஒருவரின் தாளில் ஏறியிருந்தால் எந்த ஊழியர் நின்றிருப்பார்? எத்தனை தாள் அப்படிப் போயின என்று தேடினார்கள். மீட்டெடுக்க முடிந்தவற்றை மீட்டுத் திருத்தி அனுப்பினார்கள். "மீட்க முடிஞ்சதைங்க ஐயா" என்று மாணவி அழுத்திச் சொல்லிவிட்டு, காப்பித் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பின் கூட்டம் கூட்டினார்கள். முதல் கேள்வி: டெஸ்டிங் குழு என்ன செய்துகொண்டிருந்தது?

நம்மைத் தூங்கவிடாமல் செய்தது இக்கேள்வியே. கையொப்பமிடும் தாளை எடுத்துவிட்டார்கள். நிறுத்து என்று சொல்லும் உரிமை போயிற்று. பத்து நாள் அவகாசம் போயிற்று, பத்துப் பேரும் போயினர். பழி மட்டும் பழைய இடத்திலேயே, பழைய முகவரிக்குச் சரியாக வந்து சேர்ந்தது. எழுதிக் கேட்ட இரண்டு மின்னஞ்சல்களையும் காட்டியிருக்கிறார். "நீங்க அழுத்திச் சொல்லியிருக்கணும்" என்றார்களாம். அதிகாரமில்லாதவரைப் பார்த்துச் சொல்வதற்கென்றே உலகெங்கும் இந்த வாக்கியத்தைச் செய்து வைத்திருக்கிறார்கள் போலும். நம் கல்லூரியிலும் கேட்டிருக்கிறோம்.

பெரிய இடங்களிலும் இது நடக்காமல் இல்லை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு சிறு கோப்பு, உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. நம் நாட்டு விமான நிலையங்களில் அன்று போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பின்னர் அந்நிறுவனமே வெளியிட்ட விளக்கம் படிக்கத்தக்கது. கோப்பு 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது. மென்பொருள் கொடுத்ததோ 20. சரிபார்க்கும் நிரலும் 21 வரும் என்றே நம்பியது. அதற்கு முன் ஓட்டிய சோதனைகளில் இருபத்தொன்றாம் இடத்தில் 'எதுவாயினும் சரி' என்ற குறி இருந்ததால், அந்த இடம் உண்மையில் சோதிக்கப்படவே இல்லை. எழுதியவருக்கு இருந்த அதே தவறான நம்பிக்கை, சரிபார்க்கும் கருவிக்கும் இருந்தது. ஏட்டைப் பெயர்த்தெழுதியவரே ஒப்புநோக்கினால், முதல் முறை தாவிய வரியை இரண்டாம் முறையும் தாவுவார் என்பது சுவடி படித்த எவருக்கும் தெரியும். அதனால்தான் ஒருவர் மூலத்தை வாய்விட்டுப் படிக்க, மற்றொருவர் படியைப் பார்ப்பது என்று வைத்தார்கள்.

மைக்கேல் போல்ட்டன் என்ற சோதனையாளர் 2009இல் ஒரு வேறுபாட்டைக் கூறினார். இயந்திரம் செய்வது சரிபார்த்தல்; மனிதர் செய்வது சோதித்தல். முன்னமே தெரிந்த விடையோடு ஒத்துப் போகிறதா என்று பார்ப்பது முதலாவது. கேள்வியே இனிமேல்தான் தோன்ற வேண்டும் என்ற நிலையில் தேடுவது இரண்டாவது. இதைப் படித்தபோது நமக்கு நக்கீரர் நினைவு வந்தது. தருமி கொண்டுவந்த பாட்டில் யாப்பு சரி, எதுகை மோனை சரி, சங்கப் பலகையைத் தானியங்கியாக்கியிருந்தால் பச்சை எரிந்து பொற்கிழி கைமாறியிருக்கும். அந்தப் பாட்டில் சொன்ன பொருள் உலகில் உண்டா என்று கேட்க ஓர் ஆள் எழுந்தார். அவர் கேட்டது சரியா என்பது வேறு விவாதம்; அதை ஆயிரம் ஆண்டாக நடத்திக்கொண்டிருக்கிறோம். எழுவதற்கு ஓர் இருக்கையும், கேட்டு முடிக்கும்வரை கிழியை அவிழ்க்காத ஓர் அரசனும் இருந்தார்கள் என்பதே இங்கு நமக்கு வேண்டியது.

இவ்வளவு கேட்டதும் நாம் வழக்கப்படி உணர்ச்சிவசப்பட்டோம். மனிதக் கண்ணுக்கு ஈடு உண்டா, இயந்திரத்தை நம்பலாமா என்று வகுப்பில் பேசுவது போல் தொடங்கினோம். மாணவி நம்மைத் தடுத்துவிட்டுக் கைப்பையிலிருந்து மடிக்கணினியை எடுத்தார். சோதனைக்காகப் புனைந்த பெயர்ப் பட்டியல் ஒன்றைத் திறந்தார். 'கௌரி' என்ற பெயர் இரண்டு வரிகளில் இருந்தது.

"ஐயா, இதுல ஒண்ணு தப்பு. எதுன்னு சொல்லுங்க."

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தோம். இரண்டும் ஒன்றே. பெரிதாக்கிக் காட்டினார். அப்போதும் ஒன்றே. இருபது ஆண்டு மெய்ப்புப் பார்த்த கண். தோற்றோம் என்று ஒப்புக்கொண்டோம்.

முதலாவதில் ஔகாரக் குறி முறையாக இருந்தது. இரண்டாவதில், ஒற்றைக் கொம்பிட்ட 'கெ'யை அடுத்து ளகரத்தை அடித்திருந்தார்கள், அதாவது 'கெளரி'. பார்வைக்கு வேறுபாடில்லை, கணினிக்கோ இவை இரு வேறு பெண்கள். வரவேற்பறையில் ஒருவர் ஒரு விதமாகவும் ஆய்வறையில் மற்றொருவர் வேறு விதமாகவும் அடித்தால், தேடும்போது நோயாளியின் பழைய அறிக்கை கிடைக்காது. இந்தப் பிழையை எந்தப் புலவராலும் கண்ணால் பிடிக்க முடியாது. மாணவி எழுதிவைத்த தானியங்கிச் சோதனை நாள்தோறும் பிடிக்கிறது.

"எனக்கு மெஷின் மேல கோபம் இல்லைங்க ஐயா. அது பார்க்கிறதை நான் பார்க்க முடியாது. நான் பார்க்கிறதுக்கு ஒரு நேரம் கொடுங்கன்னுதான் கேட்கிறேன்."

எவ்வளவு நேரம் என்று கேட்டோம். நாளுக்கு ஒரு பிரதியை மூன்று மணி நேரம் அசையாமல் நிறுத்த வேண்டும். ஒதுக்குப் பட்டியலில் எதைச் சேர்த்தாலும் ஒருவர் பெயரும் ஒரு தேதியும் எழுத வேண்டும். அந்தத் தேதிக்குள் காரணம் காணாவிட்டால் வெளியீடு நிற்க வேண்டும். நிறுத்து என்று சொல்லச் சோதனைக் குழுவுக்கும் உரிமை வேண்டும். இவ்வளவுதான். இதையே ஒரு பக்கக் கடிதமாக எழுதிக்கொண்டு வந்திருந்தார். ஆங்கிலக் கடிதம், நம்மிடம் ஏன் காட்டினார் என்று தெரியவில்லை. பழைய பழக்கம் போலும். கமா ஒன்று மட்டும் திருத்தினோம். இது நடக்காவிட்டால் விட்டுவிடுவேன் என்றார். வீட்டுக் கடன் இன்னும் ஒன்பது ஆண்டு இருக்கிறது என்றும் அவரே சொன்னார். விடு என்றோ இரு என்றோ சொல்ல நமக்கு வாய் வரவில்லை. கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு பேசுவோம் என்றோம்.

மனைவி தோசை வார்த்துக் கொடுத்தார். அதற்குள் கைப்பேசி இரண்டு முறை முனகி, இரண்டு முறையும் பச்சை. ஒன்பது மணிக்கு, சைதாப்பேட்டை ரயில் நிலையம்வரை கொண்டுவிடலாம் என்று கிளம்பினோம். செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தவர், மேசைமேல் கிடந்த உறையைப் பார்த்துவிட்டு நின்றார்.

"ஐயா, இது உங்க சுகர் ரிப்போர்ட்டா?"

முந்தின வாரம் பஜார் சாலையில் ஓர் ஆய்வகத்தில் எடுத்தது. அளவு நன்றாகக் குறைந்திருக்கிறது என்று மருத்துவரே மெச்சி, மாத்திரையைப் பாதியாக்கியிருந்தார். அந்த மகிழ்ச்சியில் இரண்டு நாளாகக் காப்பிக்குச் சர்க்கரையும் சேர்த்துக்கொண்டிருந்தோம்.

அவர் உறையைத் திறந்து, விளக்கின் அடியில் பிடித்து, மேலிருந்து கீழாக விரல் வைத்துப் படித்தார். நம் தலைப்பெழுத்தைக் கேட்டார். வயதைக் கேட்டார். குருதி கொடுத்த நேரம் காலை ஏழரையா என்று கேட்டார். எல்லாம் சரியாக இருந்தன. தாளை மடித்து உறையில் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் படியிறங்கினார்.

மறுநாள் காலை வெறும் வயிற்றோடு அதே ஆய்வகத்தின் வாசலில் போய் நின்றோம்.